பல் டாக்டர் பார்த்த 'வி'

"இறங்குது... இறங்குது... ஐயோ, செங்குத்தா இறங்குது!"

பல் டாக்டர் போட்ட அலறலில், நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்திருந்த தபால்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஆ... ஆ..." என்று கையை ஆட்டினார்.

"உங்க பல்லு இல்லய்யா. பெயின்ட் கம்பெனி பங்கு. வாயை மூடாதீங்க, இதோ வந்துட்டேன்."

டாக்டரின் ஒரு கையில் பல்லைக் குடையும் கருவி. இன்னொரு கையில் செல்போன். கண் இரண்டும் செல்போனில்.

"அக்கா! சீக்கிரம் வாங்க!"

முன்னறையில் டோக்கன் கொடுக்கும் அக்கா ஓடி வந்தார். ஐம்பது வயது. பத்து வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இருப்பவர்.

"இந்தக் கோட்டைப் பாருங்க. நேத்து வரைக்கும் சிவனேன்னு கிடந்துச்சு. இன்னைக்குக் கயிறு அறுந்த வாளி மாதிரி விழுந்திருக்கு. இப்படி ஒரே மூச்சுல விழுந்தா, அதே வேகத்துல திரும்பி மேல ஏறும். ஏறி முடிச்சா இங்கிலீஷ் 'வி' எழுத்து. அடி முனையில வாங்கினவன் ராஜா!"

தபால்காரர் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார். மரத்துப்போன வாயிலிருந்து சொற்கள் குழைந்து குழைந்து வந்தன.

"தாக்தர்... 'வி'க்கு ரெந்து கோது வேணுமே. இங்க ஒந்நுதானே இருக்கு?"

"அந்த ரெண்டாவது கோடு வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறதுலதான்யா சூட்சுமம் இருக்கு!"

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். "இது 'வி'தானா டாக்டர்? வாங்கலாங்கறீங்களா?"

"நூத்துக்கு நூறு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

அக்கா பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனார்.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த உலகத்தில் அவருடைய திறமையை நம்பும் ஒரே ஜீவன் அக்காதான். மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து என்ன வந்தாலும் உடனே வராந்தாவுக்கு ஓடுகிறார். சரேலென்று விழும் பங்கைக் காட்டி, "வாங்குங்க" என்பார் டாக்டர். சரேலென்று ஏறும் பங்கைக் காட்டி, "இது தலைகீழ் 'வி', வித்துடுங்க" என்பார். டாக்டர் வாங்கியது மேலும் விழும். விற்றது மேலும் ஏறும். 'விலை திரும்பிக் கொஞ்ச தூரம் ஏறும்வரை பொறுத்திரு' என்றுதான் அவர் படித்த நாலு புத்தகமும் சொல்லின. ஊசி போட்டுவிட்டு ஊரையெல்லாம் அரை மணி காக்கவைக்கும் டாக்டருக்கு, தன் விஷயத்தில் அரை நிமிடம் பொறுக்க முடியவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மனைவி வந்தபோது, பெயின்ட் கம்பெனியின் கோடு திரையின் அடியைத் தொட்டிருந்தது.

"மறுபடியுமா?" என்றாள், அவர் முகத்தைப் பார்த்ததுமே.

"நாளைக்குத் திரும்பிடும்."

"கார் போச்சு. சரி, நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அந்த அக்காவையும் சேர்த்துக் கெடுத்து வச்சிருக்கீங்களே! நீங்க சொன்ன உடனே போனைத் தூக்கிக்கிட்டு ஓடறாங்க. ரெண்டு பொண்ணுங்களை ஒத்தையா நின்னு வளர்க்கறவங்க. அந்தப் பாவம் நம்மளைச் சும்மா விடுமா?"

டாக்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார்.

கார் போனபோதுகூட இப்படிச் சுருக்கென்று தைக்கவில்லை. யோசிக்க யோசிக்க எல்லாம் புரிந்தது. நாலு மாதமாக அக்கா அடிக்கடி பேங்குக்குப் போய்வருகிறார். நகையை அடகு வைக்கத்தான் இருக்கும். வராந்தாவில் நின்று யாரிடமோ, "அடுத்த வாரம் கண்டிப்பா கொடுத்துடறேன்" என்று குழைந்து பேசுகிறார். கடன்காரனாகத்தான் இருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சிரித்து மழுப்புகிறார். அடப்பாவி, ஒரு குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டோமே!

சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"உட்காருங்க அக்கா."

உட்கார வேறு இடமில்லாமல் அக்கா அந்தப் பல் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு 'வி'யும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. இன்னையோட பங்குச் சந்தையைத் தலை முழுகிட்டேன். இனிமே ஒரு பங்கைப் பத்தியும் வாயைத் திறக்க மாட்டேன். இந்தா பாருங்க." அக்காவின் கண் முன்னாலேயே போனிலிருந்து பங்கு வாங்கி விற்கும் ஆப்பை அழித்தார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க டாக்டர்!"

சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"அழாதீங்க அக்கா. எவ்வளவு போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த மாசத்துல இருந்து சம்பளத்தைக் கூட்டித் தர்றேன். என் தலையை அடகு வச்சாவது ஈடுகட்டிடறேன்."

"எனக்குச் சம்பளமே வேணாம் டாக்டர், மாசாமாசம் நான் உங்களுக்குத் தர்றேன்!" அக்கா எழுந்து கைகூப்பினார். "நீங்க வாங்கச் சொன்னா வித்து, விக்கச் சொன்னா வாங்கித்தான் ரெண்டு மாடி எழுப்பியிருக்கேன். மூணாவது மாடி பாதியில நிக்கிறப்போ, இப்படித் திடீர்னு நிறுத்திட்டேங்கறீங்களே!"