ஓடி வருவான்

“இந்தப் படத்த நேத்தும் பாத்தாய்தானே மகள்?” என்றாள் ஜெஸீமா.

“ஓம் உம்மா.”

“மொத சீன்லயே முடிவு தெரியிது. சண்டை புடிப்பான், கோவிச்சிட்டுப் போவான், கடைசியில ஓடி வருவான். இதில என்ன இரிக்கி?”

“ஓடி வருவான்தானே. அதுக்குத்தான் பாக்கிறன்” என்றாள் பர்ஸானா.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். அது நிற்காமல் அடுத்த ஒழுங்கைக்குள் போனது.

“கோவம் ஆறினா இல்ஹாம் மருமகன் வருவார். அவர்ர உம்மா வீட்டில எத்தின நாளைக்கு இரிக்க ஏலும்?”

பர்ஸானா எழுந்து குளியலறைக்குப் போனாள். நெடுநேரம் கழித்து வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். ஜெஸீமா தொழுகைப் பாயை எடுத்தாள்.

“படத்த நிப்பாட்டிட்டு வா மகள், தொழுவம். அவர்ர மனசு மாற துஆக் கேப்பம்.”

“எனக்குத் தொழுகை இல்ல உம்மா.”

பாயை விரித்த கை அப்படியே நின்றது. இல்ஹாம் தலாக் சொன்ன பிறகு அவளுக்கு வந்திருக்கும் மூன்றாவது மாதவிலக்கு அது. இத்தா என்னும் காத்திருப்புக் காலம் அதோடு முடிந்துவிட்டது. அதற்குள் ‘திரும்ப அழைத்துக்கொண்டேன்’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் மனைவியாகவே இருந்திருப்பாள்.

திரையில் கதாநாயகன் மழையில் நனைந்தபடி ஓடிக்கொண்டிருந்தான். ஜெஸீமா ரிமோட்டை எடுத்தாள்.

“நிப்பாட்டாதீங்க உம்மா” என்றாள் பர்ஸானா. “இவன் நேரத்துக்கு வந்திருவான்.”