எழுபத்தைந்தாம் நம்பர் கார்

"நிறுத்துப்பா! பாவம், கையைக் காட்டறாங்க பாரு!"

பின்சீட்டிலிருந்து செவரீன் கத்தினாள்.

சாலையோரம் ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கையில் செல்போன் இல்லாத காலம் வேறு.

காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ரெஜிஸ் வேகத்தைக் குறைத்தார். அந்த வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தார். மறுபடி மிதித்தார்.

"எழுபத்தஞ்சு," என்றார், அதற்குமேல் காரணம் எதற்கு என்பதுபோல.

பிரான்சில் நம்பர் பலகையின் கடைசி இரண்டு எண்ணே வண்டி எந்த மாவட்டத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுபத்தைந்து என்றால் பாரிஸ். ரெஜிஸின் கார் இருபத்துமூன்று. மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக வாழும் க்ரேஸ் மாவட்டம்.

"நீ மெக்கானிக்தானேப்பா? இறங்கிப் பார்த்தா என்ன?"

"பார்த்துட்டேனே. ரேடியேட்டர் குழாய் போயிருக்கு. நம்ம டிக்கியிலயே ஒண்ணு கிடக்கு. பத்து நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன?"

"பாரிஸ்காரனுங்க கண்ணு! லீவுக்கு வந்து, நம்ம ஊர்ச் சேவல் கூவுது, தூங்க முடியலைன்னு மேயர்கிட்டப் புகார் கொடுக்கறவனுங்க. இப்ப அந்தச் சேவலையே கூப்பிட்டு ரிப்பேர் பண்ணச் சொல்லட்டும்."

மடியில் வரைபடத்தை விரித்துவைத்திருந்த மனைவி மிரேய் திரும்பிப் பார்த்தாள். "குழந்தை இருக்கு, ரெஜிஸ்."

"ஆறு மணிக்குள்ள போய்ச் சேரலைன்னா உன் பொண்ணு எங்க தங்குவா? அதைச் சொல்லு முதல்ல."

அது நிஜம்தான். செவரீனுக்குப் பாரிஸில் நர்ஸ் படிப்பு. செப்டம்பர் மாதத்தில் அங்கே ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறு மணிக்குள் வந்து சாவியை வாங்காவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் மத்தியானம் ஓர் ஆற்றங்கரையில் மேஜைத்துணி விரித்து, ரொட்டி, பன்றிக்கறி, கடைசியில் சீஸ் என்று வரிசை தவறாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

பாரிஸுக்குள் நுழைந்ததும் ரெஜிஸுக்கு வேர்த்துக் கொட்டியது. நின்று நின்று நகரும் நெரிசல். ஒரு சிக்னலில் கிளட்ச் கேபிள் பட்டென்று அறுந்தது.

பின்னால் ஹாரன்கள் அலறின.

"யோவ் இருபத்துமூணு! டிராக்டரை ஊர்லயே விட்டுட்டு வர்றதுதானே?"

"மாடு எங்கய்யா? பூட்டி இழு!"

ரெஜிஸும் மிரேயும் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். டிக்கியில் என்னென்னவோ இருந்தது. கேபிள் இல்லை. செவரீன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அப்போது ஒரு கார் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. எழுபத்தைந்து.

நரைமீசைக்காரர் ஒருவர் இறங்கினார். "எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார். மிரேய் முகவரியைச் சொன்னாள். மனிதர் தன் டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டினார். பாதி பாரிஸை, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே கடந்தார்கள்.

ஆறு அடிக்கச் சற்று முன்னால் செவரீன் மாடிப்படிகளில் ஓடினாள். சாவியோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

ரெஜிஸ் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. பாரிஸ்காரங்கள்ல உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"யாருய்யா பாரிஸ்காரன்? நானும் க்ரேஸ்காரன்தான்! பிழைக்க வந்து இருபது வருஷம் ஆச்சு. குடியிருக்கற ஊர் நம்பரைத்தானே மாட்டணும், சட்டம் அப்படி. உன் வண்டியில இருபத்துமூணைப் பார்த்தேன், நிறுத்திட்டேன்."

"வேற நம்பரா இருந்திருந்தா?" என்று கேட்டாள் செவரீன்.

"நானும் ஹாரன் அடிச்சுட்டுப் போயிருப்பேன் பாப்பா!"

ரெஜிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா கண்ணு? நம்ம ஆளு நம்ம ஆளுதான்!"

இரண்டு பேரும் முதுகில் தட்டிக்கொண்டார்கள். மிரேய் சிரிக்கவில்லை. பெட்டிகளை இறக்கப் போய்விட்டாள்.

மெத்தை, பாத்திரம், புத்தகம் எல்லாம் மாடிக்கு ஏறின. பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேபிளும் மாட்டியாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ரெஜிஸ் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டார். ஒரே பெண். இனி அவள் இந்த ஊர்க்காரி.

"படிப்பு முடிஞ்சு இங்கயே வேலை கிடைச்சதும் ஒரு கார் வாங்கிடு. நானே இன்ஜினைப் பிரிச்சு மாட்டித் தர்றேன். மாசத்துக்கு ஒருதடவை வீட்டுக்கு வந்துடணும், என்ன?"

"வர்றேன்ப்பா."

"வழியில எங்கயாவது நின்னுபோச்சுன்னா பயப்படாதே. நம்ம ஊர்க்காரங்க யாராவது வந்துட்டே இருப்பாங்க. கையைக் காட்டு, நிறுத்துவாங்க."

செவரீன் அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"நிறுத்த மாட்டாங்கப்பா. என் கார் நம்பரும் எழுபத்தஞ்சாதானே இருக்கும்?"