நாலு பேர் மூட்டை

"நாலு பேர் கொழுந்து மூட்டையை உம் மக எதுக்கு மேட்டுக்குத் தூக்கிட்டு ஓடுறா?" என்றாள் அம்மாக்கண்ணு. "மேல லோரி டிரைவர் நிக்கிறான் லா. அதான் நான் என் மூட்டையைக் குடுக்கல."

வேலம்மாவுக்குச் சுருக்கென்றது. பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து ருக்குமணி தினமும் அவளோடு தேயிலைக் காட்டுக்கு வருகிறாள். உதவி என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுநாள் மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே மேடு ஏறினாள்.

லோரியில் சாய்ந்து நின்ற ராதாகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"நேத்தைவிடச் சீக்கிரம் வந்துட்ட லா!"

"இதுக்குத்தானா ஓடியாந்த?" என்று கத்தினாள் வேலம்மா. "இனிமே காட்டுக்கும் வர வேணாம், ஸ்கூலுக்கும் போக வேணாம்."

ருக்குமணி மூட்டையை இறக்கினாள்.

"அம்மா, சாஃப்ட்பால் ஆட்டத்துல பந்து வேகமாப் போகணும்னா கை மட்டும் பத்தாதாம். காலுக்குப் பலம் வேணுமாம். பாரம் தூக்கி மேடு ஏறச் சொன்னாங்க டீச்சர். இந்த டிரைவர் அண்ணன் நேரம் பார்த்துச் சொல்றாரு. திங்கக்கிழமை பகாங் மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க."

"எங்க, போட்டுக் காட்டு" என்றாள் வேலம்மா.

ருக்குமணி பையிலிருந்து பந்தை எடுத்தாள். கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து வீசினாள். வேலம்மாவின் கண்ணுக்குப் பந்து தெரியவே இல்லை. லோரிப் பலகை அதிர்ந்த சத்தம்தான் கேட்டது.

அவள் கீழே இறங்கி வந்தபோது அம்மாக்கண்ணு காத்திருந்தாள்.

"என்ன, கையும் களவுமாப் பிடிச்சிட்டியா?"

"உன் மூட்டை எங்க?" என்றாள் வேலம்மா. "இனிமே அதை நீ தூக்காத. எம் மகளுக்கு வேணும்."