நாலு மணிக்கு வாசலில்

இது ஐந்தாவது முதியோர் இல்லம். மறதி நோய் வந்த அக்கா ரெஜினாவுக்கு இடம் தேடி ஞானப்பிரகாசம் அலுத்துப்போயிருந்தார். எங்கே போனாலும் லிஃப்டையும் கேமராவையும் காட்டினார்களே தவிர, அவர் கேட்ட ஒரே கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மேலாளரிடமும் அதையே கேட்டார்.

“நாலு மணியானா அக்கா வாசலுக்கு வந்துடும். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வரும்னு நிக்கும். பிள்ளைங்களுக்கு அம்பது வயசாச்சு. அதைச் சொன்னா அழும். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“கேட் பூட்டித்தான் இருக்கும் சார்.”

“பூட்டைப் பத்திக் கேக்கல. அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?”

“டாக்டர் மாத்திரை தருவார் சார்.”

எரிச்சல் தாங்காமல் ஞானப்பிரகாசம் எழுந்துவிட்டார். பக்கத்து மேசையில் ஒரு முதியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பெண், திரும்பாமலே சொன்னாள்.

“நான்னா கூடப் போய் நிப்பேங்கய்யா. வேன் இன்னைக்கு லேட்டாம், அதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரலாம்னு உள்ள கூட்டிட்டு வந்துடுவேன்.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். விண்ணப்பத்தை வாங்கி அக்காவின் பெயரை எழுதிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“உன் பேர் என்னம்மா? சாயங்காலம் தினமும் நீதானே இருப்பே?”

“செல்லக்கனிங்க. இந்த மாசத்தோட நான் வேலைய விட்டு நின்னுடுறேங்கய்யா” என்று சொல்லி, முதியவரின் வாயைத் துடைத்தாள்.

“அடுத்து வயசை எழுதுங்க சார்” என்றார் மேலாளர்.