ரிட்டர்ன் மேடம்

"இதை வாங்க முடியாது. எடுத்துட்டுப் போங்க."

பணியாளர் நல அதிகாரி புகாரை மேசைமேல் தள்ளினார்.

"ஏன் மேடம்?"

"'சில நாட்களுக்கு முன்பு என்னை மாற்றிவிட்டார்கள்'னு எழுதியிருக்கீங்க. எந்த நாள்? எத்தனை மணிக்கு? யாரு, என்ன வார்த்தை சொன்னாங்க?"

"அதெல்லாம் விசாரணையில சொல்றேனே."

"எழுதிட்டு வாங்க."

அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். லீவு லெட்டரில் ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். பெயிண்ட் ஆலை முழுக்க அவருக்கு 'ரிட்டர்ன் மேடம்' என்றுதான் பெயர்.

புகார் கொடுக்க வந்தவனை எல்லோரும் 'கலர்' என்பார்கள். பதினாலு வருஷமாக நிறம் சேர்க்கிறவன். யாராவது பழைய சுவரின் ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவான்.

அவனுக்கு மனச்சோர்வு வந்தது. ஏழு வாரம் லீவு. சிகிச்சையில் தேறி, டாக்டர் சான்றிதழோடு திரும்பி வந்தான். பத்தொன்பது நாள் பழையபடி வேலை பார்த்தான். இருபதாம் நாள் அவனுடைய மனநல மருத்துவ பில் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது.

"மனசு சரியில்லாதவன் கண்ணை எப்படிப்பா நம்புறது? உனக்கு எல்லாமே சாம்பலாத்தானே தெரியும்?"

எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே லேபிள் ஒட்டும் வேலைக்கு அனுப்பினார். "உன் நல்லதுக்குத்தான்" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி புகாரை வாங்கிப் பார்த்தாள்.

"தேதிதானே? செவ்வாய்க்கிழமை, ஏழாம் தேதி. அன்னிக்குத்தான் வந்து செருப்பைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தீங்க."

அவன் காகிதத்தை மடித்து வைக்கப் போனான்.

"எழுதுங்க. அந்தம்மா திருப்பி அனுப்பட்டும், நீங்க திருப்பித் திருப்பி எழுதுங்க. பேனா நான் வாங்கித் தர்றேன்."

இரண்டாம் தடவை போனான்.

"சாட்சி யாரு?" என்றார் மேடம்.

"எல்லாருக்கும் தெரியும்."

"'எல்லாரும்'னு யாரும் வந்து கையெழுத்துப் போட மாட்டாங்க. பேர் வேணும்."

காகிதம் திரும்பி வந்தது.

கலவை இயந்திரம் ஓட்டும் நண்பனிடம் கேட்டான். "மாப்ள, எனக்கும் குடும்பம் இருக்குடா" என்று அவன் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லேபிள் பகுதி அக்காதான் கையை நீட்டினார். "கொடு, நான் போடறேன். அன்னிக்கு மேனேஜர் சிரிச்சப்போ நானும் சேர்ந்து சிரிச்சேன்டா. இன்னும் உறுத்துது."

அக்காவின் கையெழுத்தைப் பார்த்த நண்பன், தானே வந்து அதற்குக் கீழே ஒன்று போட்டான்.

மூன்றாம் தடவை. புகார் கொடுக்கும் கெடு முடிய நான்கே நாள்.

"உங்க வேலை சரியா இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

கலருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், நீங்க யார் பக்கம்? கெடு தாண்டட்டும்னு மேனேஜர் சொல்லித்தானே இழுத்தடிக்கிறீங்க?"

அறையே திரும்பிப் பார்த்தது. மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அந்தப் பத்தொன்பது நாள் வேலைக்கு ஆதாரம். இன்னும் நாலு நாள் இருக்கு."

பதிவேடுகளைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்தான். கடைசி நாளில் கொண்டுபோய் வைத்தான். மேடம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். முத்திரையைக் குத்தினார். 'நல்லது' என்றுகூடச் சொல்லவில்லை.

விசாரணை நாள். மூன்று பேர் கொண்ட குழு. மேனேஜர் வக்கீலோடு வந்திருந்தார்.

"எப்போ நடந்ததுன்னே தெளிவில்லாத குற்றச்சாட்டு..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"தேதி, மணி, சொன்ன வார்த்தை, எல்லாம் மூணாவது வரியில இருக்கு" என்றார் குழுவின் தலைவி.

"சாட்சி இல்லாம..."

"ரெண்டு பேர் வெளியில காத்திருக்காங்க."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "தரம்னு ஒண்ணு இருக்கே? அவர் கண்ணை நம்பி..."

தலைவி பதிவேட்டைப் புரட்டினார். "பத்தொன்பது நாள்ல நாற்பத்திரண்டு நிறம் சேர்த்திருக்கார். ஒண்ணுகூடத் திரும்பி வரலை. மேனேஜர் சார், அவரை மாத்தின பிறகு எத்தனை திரும்பி வந்துச்சு?"

மேனேஜர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

"ஒன்பது."

மறு திங்கள், கலர் தன் பழைய இடத்தில் நின்றான். மேனேஜர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் அவரே படிக்க வேண்டும் என்பது உத்தரவு. படித்தார். அப்போது அவர் முகம் போன நிறம், கலராலேயே சேர்க்க முடியாத நிறம். லேபிள் அக்கா கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் இயந்திரச் சத்தமே கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் கலர் நேராக மாடிக்குப் போனான்.

"அந்த வக்கீல் கேட்ட மூணும் நீங்க முன்னாடியே கேட்டது மேடம். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். ஏன் சொல்லவே இல்லை?"

"உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. குறை இருந்தா திருப்பி அனுப்ப அனுமதி இருக்கு."

"இந்த மூணையும்தான் கேட்பாங்கன்னு எப்படித் தெரியும்?"

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி வேற கம்பெனியில நானும் ஒரு புகார் கொடுத்தேன். இதே மனச்சோர்வுதான். தேதி இல்லை, சாட்சி இல்லை, ஆதாரம் இல்லைன்னு பத்தே நிமிஷத்துல தள்ளிட்டாங்க."

"அங்கே புகார் வாங்கினவர் மோசமான ஆளா மேடம்?"

"சேச்சே, ரொம்ப நல்ல மனுஷர். உட்கார வெச்சு, டீ வாங்கிக் கொடுத்து, ஆறுதல் சொன்னார். ஒரு தடவைகூடத் திருப்பித் தரலை."