டேங்க் மேல ஒட்டு

"தேறிடுச்சு, ஆர்லின் சார். பிரேக், ஹாரன், டயர், விளக்கு எல்லாம் பக்கா."

கர்டிஸ் மாநில அரசின் வருடாந்திர வண்டிப் பரிசோதனை ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு, பைக்கின் முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தான். சக்கரத்தைத் தாங்கும் இடது ஃபோர்க் கம்பியைத் துணியால் துடைத்தான்.

"ஒட்டாதே!"

கர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். ஆர்லினுக்கு எழுபத்து நாலு வயது. அந்தக் குரோம் பளபளப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால், தன் நெற்றியிலேயே ஒட்டிவிட்ட மாதிரி குதிப்பார். 'கீழ தள்ளி ஒட்டு, உள்பக்கமா ஒட்டு' என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்.

"போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரியணும் சார். இந்த வருஷமும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சண்டைக்கு வரலப்பா. இது வேண்டாம். இன்னொண்ணு வச்சிருப்பியே, அத ஒட்டு."

"எது?"

"'தேறவில்லை'ன்னு போட்டிருக்குமே, அது. டேங்க் மேல ஒட்டு. நட்டநடுவுல."

கர்டிஸ் நிமிர்ந்து பார்த்தான். ஆர்லின் சிரிக்கவில்லை.

"விளையாடறீங்களா? இந்த மலைப்பக்கத்துலயே இதைவிட நல்லா வச்சிருக்கற வண்டி கிடையாது. இதைத் தேறலைன்னு எப்படி எழுதுவேன்?"

"எழுதேன். உனக்கென்ன போச்சு?"

"என் லைசென்ஸ் போகும். பன்னிரண்டு வருஷமா இந்த ஷெட்ல ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்ல. மோசமான வண்டிய நல்லதுன்னு எழுதச் சொல்லி வந்தவங்க உண்டு. நல்ல வண்டிய மோசம்னு எழுதச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"அப்ப உண்மையிலேயே பழுதா இருந்தா எழுதுவேல்ல?"

"கண்டிப்பா எழுதுவேன். ஆனா பழுது எங்க இருக்கு?"

ஆர்லின் மேஜை மேல் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தார். பைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

ஒரே போடு.

முகப்பு விளக்கு சில்லுசில்லாகச் சிதறிக் கர்டிஸின் காலடி வரை வந்து விழுந்தது.

கர்டிஸ் துள்ளிப் பின்வாங்கினான். தூசு தட்டக்கூட ஃபிளானல் துணி தவிர வேறு துணியைத் தொடாத மனுஷன்! தன் பைக்கில் யாராவது சாய்ந்து நின்றாலே முறைக்கிற மனுஷன்!

"பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"இப்பப் பழுதுதானே? எழுது."

கர்டிஸ் ஸ்பேனரை வெடுக்கென்று பிடுங்கினான். அவனுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

"இன்ஷூரன்ஸ்காரனை ஏமாத்தப் போறீங்க, அதானே? அந்தத் திருட்டுக்கு என் சீட்டு வேணுமாக்கும். உங்கள எவ்வளவு பெரிய மனுஷன்னு நினைச்சிருந்தேன்! ச்சே!"

ஆர்லின் தலையைக் குனிந்துகொண்டார்.

கர்டிஸ் கோபத்தோடு சீட்டில் 'முகப்பு விளக்கு இல்லை' என்று கிறுக்கினான். 'தேறவில்லை' ஸ்டிக்கரை உரித்து எடுத்து ஃபோர்க்கில் அழுத்தப் போனான்.

"அங்க வேண்டாம் தம்பி. டேங்க் மேல."

"இதுக்கு இடம் இதுதான். ஊருக்கே தெரியும், கவலைப்படாதீங்க."

"ஊருக்குத் தெரிய வேண்டாம்ப்பா. லோரீனுக்குத் தெரியணும். அவ பின்னால ஏறும்போது டேங்க்தான் கண்ணுல படும்."

"உங்க சம்சாரத்துக்கு எதுக்கு?"

ஆர்லின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கு இடது கண்ணு போச்சு. போன மாசம் மலை வளைவுல எதிர்ல வந்த லாரி எனக்குத் தெரியவே இல்ல. மயிரிழை. அவ என் முதுகுல சாஞ்சு பாடிக்கிட்டிருந்தா. அன்னைக்கோட ஓட்டறத விட்டுட்டேன். இன்னைக்கும் இங்க தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்."

"அத அவங்ககிட்டயே சொல்லிடலாமே சார்?"

"சொன்னேன். சொன்னது அவ மனசுல நிக்கறதில்ல. ஞாபகம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. தினம் காலைல ஜாக்கெட் போட்டுக்கிட்டு, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு வந்து பின்சீட்ல உட்கார்ந்துடறா."

"வண்டிய வித்துடுங்களேன்."

"நம்ம வண்டிய எவனோ திருடிட்டான்னு தெருவுல ஓடுவா. 'ஓட்டக் கூடாது'ன்னு நானே ஒரு சீட்டெழுதி ஒட்டிப் பார்த்தேன். 'இது உன் கையெழுத்துதானே'ன்னு கேட்டா."

கர்டிஸ் டேங்கைத் துடைத்தான். 'தேறவில்லை' ஸ்டிக்கரை நட்டநடுவில் வைத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

ஆர்லின் எழுந்து வந்து பின்சீட் பக்கமாக நின்று, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"நான் வரலைன்னு சொன்னா, தன்னை எனக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சு அழறா, கர்டிஸ். தினமும் காலைல, முதல் தடவை கேக்கற மாதிரியே அழறா. இனிமே, வண்டி வேண்டாம்னு சொல்றது நான் இல்ல, அரசாங்கம்."