ஒரு வாய் தண்ணீர்

ஆற்றைத் தாண்டிப் பிழைக்க வந்த பெருச்சாளியின் வளைக் கதவை எல்லைக்காவல் நரி தட்டியது. குட்டிகள் மூன்றும் பெருச்சாளியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன.

"கதவைத் திறம்மா. ரெண்டே கேள்விதான்."

சட்டத்தைப் பெருச்சாளி மனப்பாடம் செய்து வைத்திருந்தது. "சிங்கராஜா முத்திரை போட்ட உத்தரவு இருந்தா கதவிடுக்குல நீட்டுங்க. இல்லாட்டி உள்ள வர உங்களுக்கு உரிமை இல்லைங்க."

நரி நீட்டிய தாளில் நரியின் முத்திரைதான் இருந்தது.

"இது செல்லாதுங்க." தாழ்ப்பாளைப் பெருச்சாளி விடவில்லை.

வெளியே நரி இருமியது. "சரி, கிளம்பறேன். வெயில்ல தொண்டை வறண்டுபோச்சு. ஒரு வாய் தண்ணி குடும்மா."

தண்ணீர் கேட்டவருக்கு 'இல்லை' என்று அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. பெருச்சாளி செம்பை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கியது.

நரி செம்பைத் தொடவே இல்லை.